ஏழாம் கூண்டின் மணிக்கட்டு

குரங்கின் நகம் பட்டால் எலும்புப் புற்றுநோய் தொற்றிக்கொள்ளும் என்று நான் பதினோரு நாள் முழுமனதோடு நம்பினேன். நம்பியவன் எக்ஸ்ரே டெக்னீஷியன் என்பதுதான் இதில் பெரிய கேவலம். அப்போது எனக்கு இருபது வருட சர்வீஸ். எத்தனையோ ஆயிரம் எலும்புகளைப் படம் எடுத்து, கழுவி, காயப்போட்டவன். அக்கம்பக்கத்தில் யாருக்காவது முட்டி வலித்தால் பாதி டாக்டர் மாதிரி தலையை ஆட்டி ஆலோசனை சொன்னவன். அந்த மண்டைக்குள்தான் இந்த நம்பிக்கை வாடகை கொடுக்காமல் குடியிருந்தது.

போன மாதம் விருப்ப ஓய்வு வாங்கினேன். நான் வேலை பார்த்த மையத்தில் இப்போது டிஜிட்டல் மெஷின் வந்துவிட்டது. பொத்தானை அமுக்கினால் கணினித் திரையில் எலும்பு வந்து நிற்கிறது. “அண்ணா, ஃபிலிமைத் தண்ணியில கழுவுவீங்களாமே, துணி மாதிரியா?” என்று புதிதாகச் சேர்ந்தவர்கள் கேட்டார்கள். அந்தக் காலத்தைப் பற்றி எழுதிக் கொடுங்கள் என்றார்கள். எழுத உட்கார்ந்தால் மற்றதெல்லாம் பின்னால் போய், இந்த மானக்கேடுதான் முதலில் வந்து நாற்காலி போட்டு உட்காருகிறது.

டிப்ளமோ படித்த கதையில் ஒன்றும் இல்லை. ஈய ஏப்ரனைக் கட்டிக்கொண்டு மணிக்கணக்கில் அசையாமல் நிற்கப் பழகினேன். கல்யாணத்துக்குப் பிறகு அந்தப் பயிற்சி கைகொடுத்தது. செங்கல்பட்டில் ஒரு ஸ்கேன் சென்டரில் பன்னிரண்டு வருடம். “வாட்ச், மோதிரம், வளையல், செயின் எல்லாம் கழட்டுங்க” என்பதை ஒரு நாளைக்கு எழுபது தடவை சொல்லியிருப்பேன். இந்த வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும். பிறகு திருப்போரூருக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில் இருக்கும் விலங்குகள் சிகிச்சை மையத்தில் சேர்ந்தேன். அங்கே யாரும் செயின் போட்டு வர மாட்டார்கள் என்று நிம்மதி. மலைப்பாம்பை எந்த ஃபிலிமிலும் முழுசாக அடக்க முடியாமல் நான்கு தவணையாக எடுத்து ஒட்டவைத்தேன். ஒரு கன்றுக்குட்டி மெஷினின் வயரை மென்றுவிட்டு, ஒன்றும் தெரியாத மாதிரி என்னைப் பார்த்தது.

அங்கே எனக்கு மேலதிகாரி டாக்டர் வாசுகி. என்னைவிட எட்டு வயது சின்னவர். நான் சொல்லும் ஜோக்குக்கு மையத்தில் நாய்கூட வாலாட்டும். அவர் மட்டும் சிரித்ததில்லை. மதியம் மூன்று மணிக்கு அன்றைய படங்களைப் பார்ப்பார். பக்கத்தில் டீ வைப்போம். ஃபிலிமை மூலையில் மட்டும் பிடித்து விளக்குப் பெட்டியில் மாட்டுவார். பிறகு பேச்சே கிடையாது. பேனாவின் மூடியை ஒவ்வொரு எலும்பின் மேலும் வைத்து எண்ணுவார். நோய் எங்கே என்று எனக்கே பளிச்சென்று தெரியும். அவர் அந்தப் பக்கம் கண்ணைத் திருப்பவே மாட்டார். கடைசி எலும்பை எண்ணி முடித்த பிறகுதான் “ம்” வரும். அதற்குள் டீயின் மேல் ஆடை கட்டியிருக்கும்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேன்.

“எலும்பு எங்க மேடம் போயிடப்போவுது? ஏன் தினமும் அட்டெண்டன்ஸ் எடுக்கறீங்க?”

“நோயை முதல்ல பார்த்துட்டா மத்ததைப் பார்க்கத் தோணாது, குமரவேல்” என்றார். அவ்வளவுதான். டீயைக் குடித்தார், ஆடையோடு.

அந்தக் குரங்கைக் கொண்டுவந்தது கூண்டுகளைப் பார்த்துக்கொள்ளும் தேசிங்கு. கடலோரக் குப்பத்துக்காரர், வலை வீசிப் பழகிய கை. மாமல்லபுரத்தில் ஒரு சிற்பக்கூடத்துக்கு அந்தப் பெண் குரங்கு தினமும் வருமாம். இடது மணிக்கட்டுக்கு மேலே எலுமிச்சம்பழ அளவு வீக்கம். கையை மார்போடு அணைத்துக்கொண்டு மூன்று காலில் நடந்தது. தேசிங்கு அதற்கு அன்றே மகாராணி என்று பெயர் வைத்துவிட்டார்.

வேன் பின்னாலேயே ஒரு பைக்கில் சிற்பி முனுசாமி வந்தார். தலையிலிருந்து கால்வரை கல் தூசு. வாசலிலேயே நின்றார்.

“சார், அது கைய ஒடச்சது நான்தான் சார்.”

“எப்பிடி?”

“சோத்து டப்பாவ தூக்கிக்கினு போச்சு. கோவத்துல ஒரு கல்லு சில்ல எடுத்து வுட்டேன். பத்து நாள் கழிச்சிப் பாத்தா கை இம்மாம் பெருசு வீங்கிக் கீது.” குரல் இறங்கிவிட்டது. “அதுவும் இன்னா செஞ்சிக்கினு இருக்கசொல்ல? அஞ்சடி ஆஞ்சநேயர் சார். அன்னிலேர்ந்து அவுரு மேல உளி வெக்கவே கை வரல. பாதியில நிக்கிறாரு.”

தேசிங்கு அவர் தோளைத் தட்டினார். “இது பொம்பளக் கொரங்கு அண்ணாத்த. ஆஞ்சநேயர் கணக்குல வராது.”

முனுசாமி சிரிக்கவில்லை. எங்கள் மையத்தில் என் ஜோக்குக்கு மட்டும்தான் இந்த கதி என்று நினைத்திருந்தேன்.

குரங்கைப் படம் எடுப்பது எப்படி என்று கேட்பவர்களுக்காக: கூண்டின் பின்சுவர் நகரும். கைப்பிடியை இழுத்தால் சுவர் மெதுவாக முன்னால் வரும், குரங்கும் வேறு வழியில்லாமல் முன்கம்பிக்கு வந்துவிடும். தொடையில் மயக்க ஊசி. ஐந்து நிமிடத்தில் தலை சாயும். எடை பார்த்து, மேசையில் கிடத்தி, கையை ஃபிலிம் இருக்கும் கேசட்டின் மேல் நீட்டி, ஓரத்தில் கூண்டு எண்ணை ஈய எழுத்தால் ஒட்டுவோம். படத்தில் அந்த எண் வெள்ளையாக விழும். எந்தப் படம் யாருடையது என்பதற்கு அதுதான் சாட்சி. நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, நெஞ்சுக்கு ஒன்று. பிறகு இருட்டறையில் சிவப்பு விளக்கடியில் டெவலப்பர், தண்ணீர், ஃபிக்ஸர், மறுபடி தண்ணீர்.

மகாராணி நான்கு கிலோகூட இல்லை. முதல் இரண்டு படமும் ஒழுங்காக முடிந்தது. நெஞ்சுப் படத்துக்குத் திருப்பும்போது மயக்கம் தெளிய ஆரம்பித்துவிட்டது. நல்ல கையால் என் இடது மணிக்கட்டைப் பிடித்தாள். கையுறைக்கு மேலே தோலில் இரண்டு கோடு. டாக்டர் என்னைக் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போய், கால் மணி நேரம் சோப்புப் போட்டுக் கழுவ வைத்து, கடிப் பதிவேட்டில் எழுதி, வெறிநாய்க்கடி ஊசிக்கு அன்றே அனுப்பினார். குரங்கிடமிருந்து மனிதனுக்கு எதெது வரும் என்று பட்டியலும் சொன்னார். அதில் புற்றுநோய் இல்லை. அப்படியும் ஒருவன் நம்புவான் என்று அவருக்குத் தோன்றவில்லை.

மூன்று மணிக்குப் படத்தை மாட்டினார். எண்ணினார். நான் எண்ணவில்லை, நேராக அந்த இடத்தைத்தான் பார்த்தேன். மணிக்கட்டுக்கு மேலே எலும்பின் விளிம்பு கரையான் அரித்த சட்டம் மாதிரி இருந்தது. அங்கிருந்து மத்தாப்புக் குச்சியில் பொறி பறக்கிற மாதிரி, சதைக்குள் நாலாபக்கமும் புது எலும்பு சிதறியிருந்தது. முறிவு எங்கேயும் இல்லை.

“ம்” என்றார் டாக்டர். டீயைத் தொடவில்லை.

“இன்னா மேடம்?” என்றார் தேசிங்கு.

“எலும்புல சீழ் பிடிச்சிருந்தாலும் இப்படி இருக்கலாம். எனக்குப் புற்றுநோயோன்னு சந்தேகம். குரங்குக்கு அபூர்வம். ஊசி போட்டு ஒரு துணுக்கு எலும்பு எடுத்து சென்னைக்கு அனுப்பணும். எலும்பை ஆசிட்ல ஊறவெச்சு மெத்துன்னு ஆக்கினாத்தான் சீவிப் பார்க்க முடியும். பத்து நாளாவது ஆகும். சீழா இருந்தா மருந்து. மத்ததா இருந்தா, நெஞ்சுக்குப் பரவாம இருந்தா, கையை எடுத்துடலாம். பரவியிருந்தா…” நெஞ்சுப் படத்தை எடுத்து விலா எலும்புகளை எண்ணத் தொடங்கினார். நுரையீரல் சுத்தம்.

நகம் பட்ட வழியாக அது எனக்குள்ளும் வந்துவிட்டது என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டேன். ஐந்தாம் நாள் காலை பல் துலக்கும்போது பார்த்தேன். என் இடது மணிக்கட்டின் மேல்புறத்தில் புளியங்கொட்டை அளவு ஒரு வீக்கம். அதே கை. அதே இடம்.

அதன்பின் நடந்ததை என் மனைவி மரகதம் இன்றும் கல்யாண வீடுகளில் சொல்லிக் காட்டுகிறாள். அவளிடம் விஷயத்தைச் சொல்லாமல், பீரோ சாவி எங்கே, கேஸ் புக் எங்கே என்று வகுப்பெடுத்தேன். திருப்போரூர் முருகனுக்கு வேண்டிக்கொண்டு இடது கையில் செப்புக் காப்பு மாட்டினேன், கேட்டவர்களிடம் குடும்ப வேண்டுதல் என்றேன். என் ஸ்கூட்டரை மைத்துனனுக்குக் கொடுத்துவிட்டேன். அதைத் திரும்ப வாங்க நான்கு மாதம் ஆனது, அதுவும் வேறு கலரில் வந்தது. சாப்பாட்டில் உப்பு குறைந்தாலும் “பரவாயில்ல மரகதம், நல்லாத்தான் இருக்கு” என்றேன். அதில்தான் அவளுக்கு முதல் சந்தேகம் வந்தது.

கையை எடுத்துவிட்டால் என்ன செய்வது என்று ஒத்திகையும் பார்த்தேன். மொட்டை மாடியில் இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒரு கையாலேயே லுங்கி கட்டிப் பார்ப்பது. மூன்று நாள் முயன்றேன். ஒரு முனையைப் பல்லால் கடித்து, மறுமுனையை இழுத்து, இடுப்பை ஒரு திருகு திருகினால் நின்றுவிடும் என்பது என் கணக்கு. நிற்கவில்லை. கொடியில் துணி எடுக்க வந்த மரகதம் பார்த்துவிட்டாள்.

“ஏங்க, எதிர்வூட்டு மாடியில அவங்க மாமியார் வடகம் காயப்போட்டுக்கினு இருக்காங்க.”

“எக்சர்சைஸ் பண்றேன்.”

“பண்ணுங்க. உள்ள ஏதாவது போட்டுக்கினு பண்ணுங்க.”

மையத்தில் அதைவிடப் பேஜாராக இருந்தது. முனுசாமி ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து, கூண்டுக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பார். அவர் தன்னால்தான் அவளுக்கு வந்தது என்று உட்கார்ந்திருந்தார். நான் அவளால்தான் எனக்கு வந்தது என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மகாராணி எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு வேர்க்கடலை உரித்தாள்.

“சார், நீங்க நல்ல மனசுக்காரரு” என்றார் முனுசாமி. “ஒரு கொரங்குக்காவ இப்பிடி ஒடஞ்சி போயிட்டீங்களே.”

நான் மறுக்கவில்லை.

பத்தாம் நாள், ரிப்போர்ட் மறுநாள் வருகிறது என்று டாக்டர் சொன்னார். அன்று இரவெல்லாம் யோசித்து ஒரு திட்டம் போட்டேன். திட்டமா அது! என் மணிக்கட்டை நானே படம் எடுப்பது. அதை மற்ற விலங்குகளின் படங்களோடு செருகிவிடுவது. டாக்டர் யாருடையது என்று தெரியாமல் பார்த்து உண்மையைச் சொல்லிவிடுவார். நேரில் போய்க் கேட்டால் பயந்தாங்கொள்ளி என்பது தெரிந்துவிடும் இல்லையா.

பதினோராம் நாள் காலை எட்டு மணிக்கு, யாரும் வருவதற்கு முன்னால் கதவைச் சாத்தினேன். இடது கையைக் கேசட்டின் மேல் வைத்தேன். கதிர் விழும் இடத்தை மணிக்கட்டளவுக்குச் சுருக்கினேன். விரலும் முழங்கையும் தெரியாவிட்டால் பெரிய ஆண் குரங்கு என்று நம்பிவிடுவார். பெட்டியில் மேலாகக் கிடந்த ஈய எண்ணை எடுத்து ஒட்டினேன்: ஏழு. வலது கையால் சுவிட்சை அழுத்தினேன். கழுவினேன். இருட்டறை விளக்கில் எதுவும் சரியாகத் தெரியவில்லை. வெளிச்சத்தில் பார்க்கத் தைரியம் இல்லை. உறையில் போட்டுச் செருகிவிட்டேன்.

மூன்று மணி. டாக்டர், தேசிங்கு, நான். ரிப்போர்ட் கேட்க வந்த முனுசாமி கதவோரம். மேசையில் சென்னையிலிருந்து வந்த உறை, பிரிக்காமல் இருந்தது. டாக்டர் வழக்கத்தை விடவில்லை, முதலில் படங்கள். ஒரு நாயின் இடுப்பு முடிந்தது. அடுத்தது ஏழு.

மூலையில் பிடித்து மாட்டினார். பேனா மூடி நகர்ந்தது. மணிக்கட்டின் சின்ன எலும்புகளில் ஒவ்வொன்றாக நின்றது. முடிந்தது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். இரண்டாம் தடவை அவர் எண்ணி நான் பார்த்ததே இல்லை.

“எட்டு” என்றார்.

“மேடம்?”

“மணிக்கட்டுல எட்டு எலும்பு இருக்கு. நம்ம நாட்டுக் குரங்குக்கு ஒன்பது.” திரும்பவில்லை. “தேசிங்கு, ஏழாம் கூண்டுல யாரு?”

“ஏழுலயா? கொக்கு மேடம். றெக்கை ஒடிஞ்ச கொக்கு.”

“கொக்கு.” டாக்டர் பேனா மூடியைப் படத்தின் ஓரத்துக்குக் கொண்டுபோனார். அங்கே மணிக்கட்டைச் சுற்றி வெள்ளை வெளேரென்று ஒரு வளையம். “இந்தக் கொக்கு திருப்போரூர் முருகனுக்கு வேண்டிக்கிட்டு செப்புக் காப்பு போட்டிருக்கு.”

பன்னிரண்டு வருடம். ஒரு நாளைக்கு எழுபது தடவை. வாட்ச், மோதிரம், வளையல், செயின் எல்லாம் கழட்டுங்க.

தேசிங்கு என் கையைப் பார்த்தார். முனுசாமியும் பார்த்தார். நான் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டேன். மாடியில் எடுத்த பயிற்சி அதற்காவது உதவியது.

“இன்னா அண்ணாத்த, நீயா கொக்கு?”

அதற்குமேல் தாங்கவில்லை. வீக்கம், நகம், பதினோரு நாள், ஸ்கூட்டர் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். லுங்கியை மட்டும் சொல்லவில்லை. டாக்டர் என் கையை வாங்கி, காப்பைக் கழற்றி மேசையில் வைத்தார். வீக்கத்தை அமுக்கினார். தேசிங்கிடம் டார்ச் வாங்கி அதன் பக்கவாட்டில் அடித்தார். புளியங்கொட்டை மொத்தமும் சிவப்பு பல்பு மாதிரி உள்ளுக்குள் ஒளிர்ந்தது.

“உள்ள தண்ணி. நீர்க்கட்டியா இருக்கும். எலும்பு எட்டும் நல்லா இருக்கு. ஆனா நான் மாட்டு டாக்டர். நாளைக்கு மனுஷ டாக்டர்கிட்ட போய்க் காட்டுங்க.”

“அப்போ அது… அவகிட்டேர்ந்து ஒட்டிக்கலியா மேடம்?”

அவர் என்னை நேராகப் பார்த்தார். “அவளோட ஒரு செல் உங்க உடம்புக்குள்ள போனாலும், உடம்பு அதை வெளியாள்னு கண்டுபிடிச்சுத் தீர்த்துடும், குமரவேல். சளி மாதிரி ஒட்டறது இல்ல இது.” பிறகு அந்தப் பக்கம் திரும்பி, எதையோ தேடுகிற மாதிரி அலமாரியைத் திறந்தார். தோள் குலுங்கியது. சத்தம் வரவில்லை. எட்டு வருடத்தில் முதல் தடவை.

திரும்பி வந்தபோது முகம் பழையபடி இருந்தது. உறையைப் பிரித்தார். முழுதும் படித்தார்.

“புற்றுநோய்தான். எலும்புலயே ஆரம்பிச்சது.”

அறையில் இருந்த சிரிப்பெல்லாம் போய்விட்டது. முனுசாமி கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்.

“நான் வுட்ட கல்லாலயா மேடம்?”

“இல்ல. முறிவே இல்ல. கல் பட்டா ரத்தம் கட்டும், முறியும், வீங்கும். இது அதனால வர்றது இல்ல. நீங்க கல் விட்டதுக்கு ரொம்ப முன்னாடியே அங்க இருந்திருக்கு. மனுஷனுக்கு வர்ற மாதிரியேதான். யாரும் கொடுக்கல. தானா வந்தது.”

“தானா வந்துதா?”

“தானா வந்தது.”

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். அழுதுகொண்டே என்னைப் பார்த்தார். “சார், அதுக்குக் கேன்சருன்றாங்க. எனுக்கு நெஞ்சு லேசாயிடுச்சி சார். இப்பிடி இருக்கறது தப்பா சார்?”

தப்பா என்று சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஒரு நிமிடத்துக்கு முன்னால்தான் நானும் லேசாகியிருந்தேன். அவர் பக்கத்தில் நானும் தரையில் உட்கார்ந்தேன். டாக்டர் எங்கள் இரண்டு பேருக்கும் டீ சொன்னார்.

இரண்டு நாள் கழித்துக் கையைத் தோளோடு எடுத்தார்கள். மயக்கம் கொடுத்ததிலிருந்து கடைசித் தையல் வரை இரண்டரை மணி நேரம் நான் அறுவை மேசையின் தலைமாட்டில் நின்று மூச்சை எண்ணினேன். அன்று எனக்கு எண்ணுவதில் அலுப்பு வரவில்லை. நான்காம் நாள் மகாராணி வாழைப்பழத்தைக் காலால் பிடித்து, பல்லால் தோலைக் கிழித்து, இருக்கிற கையால் சாப்பிட்டாள். யாரும் சொல்லித்தரவில்லை. நான் மாடியில் மூன்று நாள் போராடியதை நினைத்துக்கொண்டு, கூண்டு முன்னால் ஒரு கும்பிடு போட்டேன்.

நுரையீரலுக்குப் போயிருக்குமோ என்ற பயம் மட்டும் மிச்சம் இருந்தது. அதற்காக மூன்று மாதத்துக்கு ஒருமுறை நெஞ்சுப் படம். ஒவ்வொன்றையும் நான்தான் எடுத்தேன், நான்தான் கழுவினேன். ஒவ்வொரு தடவையும் முனுசாமி வந்து கதவோரம் நிற்பார். டாக்டர் விலா எலும்புகளை எண்ணி முடிக்கும்வரை இரண்டு பேரும் மூச்சு விட மாட்டோம். பிறகு ஆறு மாதத்துக்கு ஒன்று, வருடத்துக்கு ஒன்று என்று ஆனது. ஃபிலிம் போய் டிஜிட்டல் வந்தது. நான் வேலையில் எடுத்த கடைசிப் படமும் அவளுடைய நெஞ்சுதான். திரையில் அரை நிமிடத்தில் வந்துவிட்டது. டாக்டர் அதிலும் பேனா மூடியை வைத்து எண்ணினார்.

நுரையீரல் சுத்தம். மகாராணி இப்போதும் மையத்தின் பெரிய கூண்டில் பதினோரு குரங்குகளோடு இருக்கிறாள். முனுசாமியின் ஆஞ்சநேயர் வேலை முடிந்து கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தார். அவளுக்கு வந்தது எலும்புப் புற்றுநோய், தானாக வந்தது. எனக்கு வந்தது நீர்க்கட்டி, பஸ் கம்பியில் இடித்து ஒருநாள் தானாக அமுங்கிப்போனது. இரண்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.